மகளுக்கான வட்டம்

மங்கலத்து வாடகை வீட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை வெயில் நீளமாக விழுந்து கிடக்கிறது. பக்கத்து விசைத்தறிகளின் அதிர்வில் சொம்புத் தண்ணீர் நடுங்குகிறது. சிறுநீர்ப்பை வலி பரம்பரையாக வருகிறதா என்று ஆராயும் தேஜஸ்ரீ, அந்த வலியோடு பனியன் கம்பெனியில் தைக்கும் அன்னபுஷ்பத்தின் குடும்பத்துப் பெண்களைத் தாளில் ஆளுக்கொரு வட்டமாக வரைகிறாள். "உங்கம்மாவுக்கும் இருந்துச்சுங்களா அக்கா?" "தெரியல மேடம். எனக்கு இது கம்பெனியில ஒண்ணுக்குப் போவாம அடக்கி அடக்கி வந்தது. ரத்தத்துல வரல." சொல்லிக்கொண்டே மகளுக்கான வட்டத்தை உள்ளங்கையால் மூடுகிறாள். பத்தாவது படிக்கும் மகள் ஜெனிபா கதவோரம் கால்களை இறுக்கி நிற்கிறாள். "எனக்கும் எரியுதும்மா. ஆறு மாசமா," என்கிறாள் மெதுவாக. அன்னபுஷ்பம் அவள் பக்கம் திரும்பவில்லை. தேஜஸ்ரீயின் பேனாவையே பார்க்கிறாள். "மேடம், அத மட்டும் எழுதிராதீங்க."