வலது வளைவு

தம்பி சீட் பெல்ட் வாரை இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கினான். அக்காவால் தோளைக்கூட அசைக்க முடியவில்லை.

"மூச்சு முட்டுதுடா."

"அப்படித்தான் இருக்கும். கத்தாம இரு." ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டிவிட்டு, பந்தயக் காரின் கதவைச் சாத்தினான்.

ஓட்டுகிறவன் அவன். மெக்கானிக் அவள். நேர்ப்பாதையில் அம்பாகப் பாயும் அந்தக் கார், வலது வளைவில் வேகமாகத் திரும்பும்போது மட்டும் இருமி இருமி அணைந்துவிடும். திரும்புகிற வேகத்தில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் போகிறது என்று நினைத்தாள். பம்பை மாற்றினாள், ஃபில்டரை மாற்றினாள், பெட்ரோல் அலையாமலிருக்க டேங்க்குக்குள் தடுப்புகூட வைத்தாள். கார் எதற்கும் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அதனால் இன்று டேங்க்கைத் தளும்பத் தளும்ப நிரப்பி, பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு அவளே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலியோரம் நின்ற அப்பா, கார் கிளம்பியதும் வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா? நான் ஓட்டுறதப் பாக்கக்கூடப் பிடிக்கல. வண்டி நின்னு நின்னு போகுதுன்னு அவ்ளோ கோவம்," என்றான் தம்பி.

வளைவு நெருங்கியது. மீட்டரில் முள் ஆடாமல் நின்றது. ஸ்டியரிங் திரும்புவதற்கு முன்பே, முள் பொத்தென்று விழுந்தது.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். தம்பியின் இடது கை, கியருக்குப் பக்கத்திலிருந்த பம்பு சுவிட்சிலிருந்து விலகிக்கொண்டிருந்தது.

என்ஜின் அடங்கி, கார் புல்தரையில் உருண்டு நின்றது.

"நீயாடா?"

அவன் ஸ்டியரிங்கையே பார்த்தான். "இந்த வளைவு வந்தாலே உயிர் தொண்டைக்கு வந்துடுதுக்கா. வண்டி நின்னுட்டாத்தான் நிம்மதியா இருக்கு."

"ஒண்ணுமே இல்லாத வண்டியப் போட்டு ராப்பகலா குடைஞ்சிருக்கேன். வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பாகிட்டயா? பாக்குறவங்ககிட்டல்லாம் எம்புள்ள ரேஸ் ஓட்டுறான்னு சொல்லிட்டுத் திரியுறாரு. பயமா இருக்குன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

ஓங்கி ஓர் அறை விடத் தோன்றியது. வாரைக் கழற்றுவதற்குள் ஹெல்மெட்டுக்குள் அவன் விசும்புவது கேட்டது. ஓங்கிய கை, அவன் தோளில் போய் விழுந்தது.

அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவளிடம் திரும்பினார். "என்னம்மா, கண்டுபிடிச்சிட்டியா?"

அவரைத் தனியாக அழைத்துப் போனாள். "கண்டுபிடிச்சாச்சுப்பா. ஆனா இது நம்மால தீர்ற கோளாறு இல்ல. இனிமே இதுல ரேஸ் ஓட்ட முடியாது."

இடி விழப்போகிறது என்று காத்திருந்தாள். அப்பா ஒருமுறை தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் காதருகே குனிந்தார். 

"அப்பாடா! பாக்கவே பயமா இருந்தாலும், அவன் ஆசையைக் கெடுக்கக் கூடாதேன்னுதாம்மா இத்தனை நாளும் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்."