வலது கை

இடுப்பு விண்விண் என்று தெறித்தது. மருத்துவக் கல்லூரி உடற்கூறு கூடத்தின் ஃபார்மலின் தொட்டிக்குள் காலையிலிருந்து குனிந்து தேடிய கூட ஊழியன் சவரிமுத்துவால் நிமிர முடியவில்லை. வாசலில் பொன்னுத்தாய் காத்திருந்தாள். உடல்தானமாக வந்த அவள் புருஷனை மாணவர்கள் படித்து முடித்தாயிற்று. கொண்டுபோய்ப் புதைக்க வந்திருக்கிறாள். ஆனால் படிப்பு ஆளை முழுசாக விட்டுவைப்பதில்லை. கத்தி வைத்துப் படிக்கத் தலையும் வலது கையும் வேறு வேறு மேசைக்குப் போயிருந்தன. நுண்ணோக்கிப் பாடத்துக்கு ஈரலில் ஒரு துணுக்கு. துணுக்கு போனால் போகட்டும் என்றாள். தலையை முகம் பார்த்து எடுத்து, உடலோடு சவப்பெட்டியில் வைத்துவிட்டான். அறுத்த கைகள் மட்டும் மொத்தமாக ஒரே தொட்டியில் கிடந்தன. பெயர்ச் சீட்டைக் கால் கட்டைவிரலில்தான் கட்டுவது வழக்கம்; கையில் இல்லை.

ஒரு கையைத் தூக்கி வந்து காட்டினான். அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கண்ணே காய்ப்பு? நாப்பது வருசம் மூட்ட தூக்குன கை. செருப்பாட்டம் காச்சுப் போயிருக்குமே."

"உள்ளங்கைத் தோலத்தாம்மா பிள்ளைங்க முதல்ல உரிக்குது. அங்க எல்லாக் கையும் இப்படித்தான் கெடக்கு. எதப் பாத்து நான் சொல்ல?" என்று எரிந்து விழுந்தான். "ஏதோ ஒண்ணக் கொண்டுபோ தாயி. மண்ணுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியுமே. அடுத்தவ புருசன் கைய நான் பொதச்சுட்டா, நாளைக்கு அவ வந்து கேக்கையில என்னத்தக் குடுப்பீக?"

அவன் அந்தக் கையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அது சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் பெட்டியை மூடச் சொன்னாள். "தேடி வைங்க. அவரு வலது கை ஒண்ணு எனக்குப் பாக்கி."