சுவரில் இருந்த தாத்தா

லீவு விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் பொன்னுச்சாமி ஓரமாக நின்றார்.

ஊரில் அக்கா சரோஜாவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் துபாய் ஜெபல் அலியில் கம்பி கட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இந்தத் தடவையும் வராவிட்டால் ஒன்றுவிட்ட தம்பி மடியில் உட்கார வைத்துவிடுவோம் என்று அக்கா எழுதியிருந்தாள். படித்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

விசா கொடுத்த கபீலுக்கு இது விளங்கவே இல்லை. ஒரு மடிக்காக ஒரு மாச லீவா என்று தலையை நிமிர்த்தாமலே இந்தியில் கேட்டார். ஊரில் வேறு மடியே இல்லையா என்றும் கேட்டார்.

அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய ஓவியம். தலையில் துணி சுற்றிய ஒரு பாலைவனத்து மனிதர், பக்கவாட்டில் திரும்பி வெகுதூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் முன்பு, 1984-இல், வெயிலையும் வெளிச்சத்தையும் தேடி வந்த ஹாலந்து ஓவியர் வரைந்தது. அச்சு அசல் என் தாத்தா என்று கண்கலங்கி கபீல் அன்றே வாங்கிவிட்டார். காத தூரத்து ஒட்டகத்தையும் கண்டுபிடிக்கும் பார்வை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். தாத்தா ஒன்று கேட்டால் வீட்டில் யாரும் மறுத்ததில்லையாம்.

மாஃபி, கிடையாது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தார் கபீல்.

பொன்னுச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது. தோளில் கிடந்த ஈரோட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். என்ன தோன்றியதோ, அதைத் தலையில் சுற்றிக்கொண்டார். மெல்லப் பக்கவாட்டில் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே வெகுதூரத்தைப் பார்த்தார்.

கபீல் நிமிர்ந்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார்.

ஒரு மாசம் கேட்ட இடத்தில் நாற்பத்தைந்து நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே காத்திருந்த ரூம்காரன் முகம்மது சித்தீக், என்ன சொக்குப்பொடி போட்டீங்கண்ணே என்று கேட்டான்.

"தாத்தா கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமாப்பா?"

படம் வரைந்த அந்த வருஷம் ஹாலந்துக்காரர் முன்னால் உட்கார எந்த அரபியும் சம்மதிக்கவில்லை. ஒரு மணி நேரம் நிழல் கிடைக்குமே என்று டூட்டியிலிருந்து நழுவிப்போய் உட்கார்ந்தவர் பொன்னுச்சாமிதான். ஜெபல் அலி வெயில் அவர் முகத்தில் இருபது வயதைக் கூட்டியிருந்தது.

அந்தத் தூரத்துப் பார்வை, போர்மேன் ஜீப் வருகிறதா என்று பார்த்தது.