வேப்பம்பூ இல்லாத கிண்ணம்

எல்லோருக்கும் ஒரே சட்டியில் மாங்காய்ப் பச்சடி கிண்டிய காலம் மலையேறிவிட்டது. இப்போதெல்லாம் சித்திரை முதல் நாளில், அந்த வருஷம் யார் யாருக்கு எவ்வளவு கஷ்டம் வரும் என்று கணித்து, அதற்கேற்ப வேப்பம்பூ சேர்த்து, ஆளுக்கொரு கிண்ணம் நீட்டுகிறது சமையல் இயந்திரம்.

வெண்ணிலாவின் கிண்ணத்தில் பச்சடியே தெரியவில்லை, அவ்வளவு பூ. மகள் இழையினி தன்னுடையதைத் தொட்டு நக்கிவிட்டுத் துள்ளினாள்.

"அம்மா, எனக்கு வெறும் வெல்லந்தான்! கசப்பே இல்ல!"

வெண்ணிலா மகளின் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். போன சித்திரையில் கணவனும் இதையேதான் சொல்லிச் சிரித்தான். ஆடி பிறக்கும்போது அவன் உயிரோடு இல்லை.

தன் கிண்ணத்து வேப்பம்பூவையெல்லாம் வழித்து மகளின் கிண்ணத்தில் போட்டுப் பிசைந்து ஊட்டினாள்.

"ஐயோ, கசக்குதும்மா!"

"கசக்கட்டும் கண்ணு. நல்லா கசக்கட்டும். துப்பாம முழுங்கு."