இறங்காத சிவப்புக் கோடு

நேற்றுப் பிறந்த குழந்தை தாயின் மடியில் தூங்குகிறது. அதன் காதில் பட்டாணி அளவு ரப்பர் முனை. அது மெல்லிய ஒலியை உள்ளே அனுப்பும். காது நன்றாக இருந்தால் பதிலுக்கு அதுவும் ஒரு சின்ன ஒலி எழுப்பும். அந்தப் பதிலுக்காகத்தான் முகக்கவசம் போட்ட சோதனைக்காரப் பெண் கைக்கருவியின் திரையையே பார்த்து நிற்கிறாள். அதில் இரைச்சலைக் காட்டும் சிவப்புக் கோடு இறங்குவேனா என்கிறது. "எங்கிருந்தோ சத்தம் வருதுங்க," என்கிறாள். மின்விசிறியை நிறுத்தியாயிற்று, ஜன்னலையும் சாத்தியாயிற்று. "இனி என் மூச்சைத்தான் நிறுத்தணும்," என்கிறான் கணவன். தாய் குழந்தையின் தலைமேல் கன்னத்தைச் சாய்க்கிறாள். கோடு இன்னும் எகிறுகிறது. "அக்கா, உங்க காது மெஷின்தான் விசிலடிக்குது!" கணவனுக்கு அது பழகிப்போன சத்தம், காதில் விழுவதே இல்லை. தன் குறை பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று பத்து மாதமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள், மெஷினைக் கழற்றி அவன் கையில் வைக்கிறாள். உலகம் அடைத்துக்கொள்கிறது. கருவியின் முதுகுதான் அவளுக்குத் தெரிகிறது. அந்தப் பெண்ணின் உதடுகளைப் படிக்கலாமென்றால் முகக்கவசம் விடவில்லை. ஒரு காதிலிருந்து ரப்பர் முனை மறு காதுக்கு மாறுகிறது, பிறகு வெளியே வருகிறது. நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல் குழந்தையின் முகத்திலேயே கண்ணை வைத்திருக்கிறாள். "ரெண்டு காதும் நல்லா இருக்காம்!" என்று கணவன் கத்திவிடுகிறான். அவளுக்குக் கேட்காத அந்தச் சத்தத்தில் குழந்தை கைகளை விரித்துத் திடுக்கிடுகிறது, அவள் மடி அதிர.