இடப்பக்கத்து பிரேக்

"கிளச்ச பைய விடுங்கன்னு சொன்னா, பொசுக்குன்னு விடுகியளே!"

வண்டி தவளை மாதிரி இரண்டு குதி குதித்து அணைந்து நின்றது. அஸ்வதி கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். ஸ்டியரிங் பிடித்திருந்தவரோ பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"கிளச்சுன்னா எது டீச்சரே? நடுவுல உள்ளதா?"

கேட்டது யார் என்கிறீர்கள்? இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த சிவதாணு. முப்பத்தியொரு வருடமாக 'அழகி டிரைவிங் ஸ்கூல்' நடத்துகிறவர். அஸ்வதியைப் பெற்ற அப்பா!

அந்த ஸ்கூலைத் தனக்குத் தரச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை. நாகர்கோவிலில் பார்த்த வேலையை விட்டுவிட்டாள், பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கிவிட்டாள். "பொம்பளையாளு சொல்லித் தருவாங்களா?" என்று தினமும் பெண்கள் போன் செய்கிறார்கள். அப்பாவோ ஆறு மாதமாக இடுப்பு வலி என்று சொல்லிப் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. மகளிடம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துபாயிலிருக்கும் அண்ணன் பத்மகுமார், "சவத்த பூட்டிப் போடுங்கப்பா" என்று வாரம் ஒருமுறை ஓதிக்கொண்டிருந்தான்.

நேற்றுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"நாளைக்கு விடியக்கால சானல்கரை ரோட்டுக்கு வா. ஒண்ணுந்தெரியாத மண்டன் மாதிரி நான் ஓட்டுவேன், நீ சொல்லித் தரணும். ஏசுனாலும் பெயிலு. பயந்துபோய் ஸ்டியரிங்க பிடிச்சாலும் பெயிலு. பெயிலாயிட்டா ஸ்கூல் போர்ட கழத்திருவேன். சம்மதமா?"

அஸ்வதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அது தெரிந்துதான் மனுஷன் இப்படிக் கொக்கி போட்டிருக்கிறார். இருந்தாலும் சம்மதித்து, சொல்லிக்கொடுப்பவர் இருக்கும் இடப்பக்கத்து சீட்டில் ஏறிவிட்டாள். அங்கே அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு.

"கிளச்சு இடது காலுகிட்ட இருக்கு. மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. அவசரமே வேண்டாம்" என்றாள்.

வண்டி கிளம்பியது. சானல்கரை ரோட்டில் அந்நேரம் ஈ காக்கை இல்லை. ஒரு பக்கம் வயல், இடது பக்கம் தண்ணீர் ஓடும் சானல். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போன வண்டி, மெல்ல மெல்ல சானல் பக்கமாகச் சாய்ந்தது. இடது சக்கரம் புல்லில் ஏறிச் சரசரத்தது.

"அப்பா, சானலு! கொஞ்சம் வலத்தோட்டு வாங்க."

அவர் கழுத்தை முழுக்கத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காண்டாம், ரோட்டப் பாருங்க."

ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கக் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்துகொண்டாள். வண்டி மெல்ல ரோட்டுக்குத் திரும்பியது. எப்பா, என்னமாய் நடிக்கிறார்! எரிச்சலோடு கொஞ்சம் பெருமையும் வந்தது அவளுக்கு.

அடுத்த வளைவில், சானல் பாலத்தைத் தாண்டி இடது பக்கமாக ஒருவர் வாழைக்குலை கட்டிய சைக்கிளை மிதித்துக்கொண்டு ரோட்டில் ஏறினார்.

"அப்பா, சைக்கிளு."

வேகம் குறையவில்லை.

"அப்பா! சைக்கிளு!"

அஸ்வதியின் கால் தானாகவே பிரேக்கைச் சவுட்டியது. சைக்கிளுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி கிறீச்சென்று நின்றது.

"எல் போர்டு மாட்டுனா எல்லாருக்க மேலயும் ஏத்துவியளோ!" என்று ஏசிக்கொண்டே சைக்கிள்காரர் போனார்.

அஸ்வதி அப்பாவின் பக்கம் திரும்பினாள். விளையாட்டுக்கு ஒரு அளவில்லையா என்று கத்த வாயெடுத்தாள். அவர் இன்னும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடியே இருப்பதைப் பார்த்ததும் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"பரவால்ல. முதல் நாளு எல்லாருக்கும் இப்படித்தான். கைய எடுத்து மடியில வைங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க. பிறவு நியூட்ரல்ல போட்டுட்டு மெதுவா ஸ்டார்ட் பண்ணலாம்."

சிவதாணு தண்ணீரை வாங்கிக் குடித்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"ஸ்கூல் இனி உனக்காக்கும். திங்கக்கிழமைல இருந்து ஆளு சேத்துக்க."

"நெசமாவாப்பா?"

"பின்ன? ஏசவும் இல்ல, ஸ்டியரிங்கத் தொடவும் இல்ல. எனக்கே இவ்வளவு பொறும கிடையாது."

அஸ்வதிக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். இந்த நிமிஷமே அண்ணனுக்குப் போன் போட்டு, போர்டைக் கழற்றப்போவதில்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"ஆனா ஒண்ணுப்பா. அந்த சைக்கிளுல உங்க நடிப்பு ரொம்ப ஓவரு. நான் மட்டும் சவுட்டாம இருந்திருந்தா?"

சிவதாணு சிரிக்கவில்லை.

"கிளச்சுல மட்டும்தான் நடிச்சேன் மக்கா. இடது கண்ணு போச்சு, இனி வண்டியத் தொடாண்டாம்னு டாக்டர் சொல்லி ஆறு மாசமாச்சு. எனக்கு நம்ப மனசு வரல்ல. உனக்க காலடியில ஒரு பிரேக்கு இருக்குல்லான்னு ஒரு தைரியத்துல ஏறுனேன். சானலையும் காணல்ல, சைக்கிளையும் காணல்ல. இன்னைக்கு டெஸ்டு உனக்கு இல்ல மக்கா, எனக்கு. நாந்தான் பெயிலு."