இரண்டாவது வெளிச்சம்

பதினோரு வருடத் தாம்பத்தியத்துக்கு ஸ்டூடியோக்காரர் ஐந்நூறு கேட்டார். பேரம் பேசி முந்நூற்றைம்பதில் நிறுத்திய பிறகு, "பார்த்தா புருஷன் பொண்டாட்டின்னு நம்பணும், அவ்வளவுதான்" என்றான் கணவன்.

நம்ப வேண்டியவர் குடியேற்ற அதிகாரி. போன தடவை கொடுத்த படத்தில் இருவரும் பற்பசை விளம்பரம் போலச் சிரித்திருந்தும், 'திருமணம் உண்மைதானா?' என்று எழுதிக் கோப்பைத் திருப்பிவிட்டார். இன்று நாலு மணிக்குள் முத்திரை விழாவிட்டால், மனைவி மட்டும் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

தோளில் கை போட்டான். இருவரும் சிரித்தார்கள். பளிச்!

"ஏங்க, நகத்தை வெட்ட மாட்டீங்களா? குத்துது."

மறுபடியும் பளிச். படத்தில் விழுந்தது நகச் சண்டைதான்.

"சிரிச்சோமேய்யா!"

"ஃபிளாஷ் ரியர் ஸிங்க்ல இருக்கு சார். முதல் வெளிச்சம் அளவு பார்க்க. கடைசியில வர்றதுலதான் படம். அதுவரைக்கும் கொஞ்சம் ஒத்துமையா இருங்க."

"வேற மோடு போடுய்யா!"

போட்டார். சாதாரண மோடில் பின்னால் கும்மிருட்டு; முகங்கள் சுண்ணாம்பு அடித்த சுவர். கண் சிவப்பாக விழாமலிருக்க வைத்த ரெட்-ஐ மோடில் விளக்கு நாலு தரம் மினுக்கியது. அவள் நாலு தரம் சிமிட்டி, படம் விழும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ என்ன தூங்கவா வந்தே?"

"நீங்க முதல்ல வயித்தை உள்ள இழுங்க. படத்துல எனக்கு இடமே இல்ல."

ஸ்டூடியோக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டு ரியர் ஸிங்குக்கே திரும்பினார். பளிச்... பளிச். மணி மூன்றரை.

"இருக்கறதைக் குடுய்யா, தலையெழுத்து!"

குடியேற்ற அலுவலகத்தில் அதிகாரி படத்தை மேசையில் வைத்துக் குனிந்தார். அதில் அவள் ஒரு கையால் அவன் காலரைச் சரிசெய்துகொண்டே, மறுகை விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டியிருந்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், அது ஃபிளாஷ் செஞ்ச கோளாறு. நாங்க நல்லாத்தான் சிரிச்சோம்..." என்று இழுத்தான் கணவன். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

அதிகாரி அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

"சிரிக்கிற ஜோடி தினம் பத்து வருது சார். இந்த முறைப்பு வாடகைக்குக் கிடைக்காது."